மாதிரி ராக்கெட் ஏவுகோபுரம்: மூன்றாவது கட்டுமானக் குறிப்புகள்

மூன்றாவது கோபுரம் வேலை செய்கிறது. 1.8 மீட்டர் உயரம், மூன்று வழிக்கம்பிகள். 24.8 மி.மீ. விட்டமுள்ள ராக்கெட்டை மேலே நுழைத்துக் கையை எடுத்தால் தன் எடையிலேயே அடிவரை வழுக்கி இறங்குகிறது. காலையிலும் இறங்குகிறது, உச்சிவெயிலிலும் இறங்குகிறது. அந்த உச்சிவெயிலில்தான் முதல் கோபுரம் தோற்றது. இரண்டாவதற்கு வேறு நோய்.

கோபுரத்தின் வேலை தெரிந்ததுதான். ஒற்றைக் கம்பியில் ஏவும்போது ராக்கெட்டின் உடலில் லக் (கம்பியில் வழுக்கும் சிறு குழாய்த் துண்டு) ஒட்டவேண்டும், அது பறக்கும் நேரமெல்லாம் காற்றை இழுத்துக்கொண்டே போகும். கோபுரத்தில் லக் கிடையாது. மூன்று வழிகள் உடலை 120 பாகை இடைவெளியில் அணைத்துப் பிடிக்கும், இறக்கைகள் அவற்றின் நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிடித்திருக்கும் வளையமோ பலகையோ எல்லாம் இறக்கை முனைக்கும் வெளியே இருந்தாக வேண்டும். பொருள் தேர்வின் சிக்கல் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது: தொடும் இடம் நடுவில், தாங்கும் இடம் தூரத்தில்.

முதலில் உயரத்தை முடிவு செய்தோம். ராக்கெட் 55 செ.மீ. நீளம், மோட்டாருடன் 110 கிராம், ஈர்ப்பு மையம் வால் முனையிலிருந்து 30 செ.மீ. மோட்டார் டி12 என்ற கருமருந்து வகை. இதன் சராசரி உந்துவிசையை 10 நியூட்டன் என்று வைத்தால், எடையைக் கழித்தபின் முடுக்கம் 81 மீ/நொடி² வரும். வால் முனை அடியிலிருந்து 10 செ.மீ. மேலே நிற்கிறது. ஈர்ப்பு மையம் கோபுரத்தை விட்டு வெளியேறும்வரை உள்ள தூரத்தை மட்டும்தான் கணக்கில் எடுத்தோம், அதற்குப்பின் வழிகளின் பிடி பேருக்குத்தான். 1.5 மீட்டர் கோபுரத்தில் அந்தத் தூரம் 1.1 மீட்டர், வேகம் 13.3 மீ/நொடி. 1.8 மீட்டரில் தூரம் 1.4, வேகம் 15. காற்றடிக்கும் நாளில் இறக்கைகள் தாமாகப் பிடித்துக்கொள்ள 13 என்பது விளிம்பு, அதனால் 1.8. டி12 பற்றவைத்ததும் மெதுவாக ஏறி, அதன்பிறகே உச்சத்தைத் தொடும். சராசரியை வைத்துப் போட்ட கணக்கு உத்தேசம்தான். துல்லியம் வேண்டுமென்றால் உந்துவிசை வரைபடத்தைத் துண்டு துண்டாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் கோபுரம்: பிவிசி

32 மி.மீ. சாம்பல் நிறக் குழாய் மூன்று, மேலும் கீழும் 9 மி.மீ. பிளைவுட் வளையம். குழாயின் முதுகே வழி. அறுப்பது சுலபம், துளைப்பது சுலபம், மேல்பரப்பு வழுவழுப்பு, எடை ஒன்றுமேயில்லை. ஒரே மாலையில் கட்டி முடித்து, நிழலில் ராக்கெட்டை இறக்கிப் பார்த்தபோது குறையொன்றும் தெரியவில்லை.

வெயிலில் வைத்த அரைமணி நேரத்தில் ராக்கெட் பாதியில் நின்றுவிட்டது. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நூல் பிடித்துப் பார்த்தோம். வெயில் பக்கத்துக் குழாய் நடுவில் 7 மி.மீ. வெளியே புடைத்திருந்தது. பின்பக்கக் குழாய்கள் இரண்டும் அதே திசையில், அதாவது உள்நோக்கி, 2 மி.மீ. வந்திருந்தன. பிவிசி எஃகைப்போல் ஐந்தாறு மடங்கு விரிவடையும், வெப்பத்தை உடல் முழுக்கப் பரப்பவும் தெரியாது. வெயில் படும் பக்கம் நீள்கிறது, நிழல் பக்கம் நீளவில்லை, குழாய் வில்லாகிறது.

அடுத்து நடுவில் ஒரு வளையம் சேர்த்தோம். இது தவறான திருத்தம். இப்போது மூன்று குழாய்களும் சேர்ந்து ஒரே பக்கம் வளைந்தன. இடைவெளி சரியாகத்தான் இருந்தது, பாதைதான் வளைந்துவிட்டது. வளைந்த பாதையில் 55 செ.மீ. நேரான குழல் போகவேண்டுமானால் ஒரு மி.மீ.க்கு மேல் ஆட்டம் வேண்டும். நாங்கள் வைத்திருந்தது 0.6. வெள்ளை பெயின்ட் அடித்ததில் வளைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதியும் அதிகம்தான். பிவிசி கால்களுக்கு உதவும், வழிக்கு ஆகாது.

இரண்டாவது: 8 மி.மீ. எஃகுக் கம்பி

வெப்பப் பிரச்சினைக்கு எஃகு நல்ல மருந்து. பளபளப்பு தேய்த்த 8 மி.மீ. உருட்டுக் கம்பி, மீட்டருக்கு 0.395 கிலோ. சாதாரணக் கட்டுமானக் கம்பியை வாங்காதீர்கள். அது சுருளிலிருந்து நிமிர்த்தப்பட்டது, தரையில் உருட்டினால் துள்ளும். இழுத்து முடித்த கம்பியையும் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தே எடுக்கவேண்டும். ஐந்தில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தோம்.

9 மி.மீ. பிளைவுட் பலகைகள் நான்கு, 60 செ.மீ. இடைவெளியில். ஒவ்வொன்றின் நடுவிலும் இறக்கைகளுக்காகப் பெரிய துளை. துளையின் ஓரத்திலிருந்து உள்ளே நீளும் மூன்று விரல்கள். விரல் நுனியில் கம்பிக்குப் பள்ளமும் ஒரு திருகும்.

வெயிலில் ராக்கெட் இறங்கியது. ஏவியபோது சாய்ந்தது. கைபேசியில் நொடிக்கு 240 படங்கள் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்ததில், ராக்கெட்டின் மூக்கு வெளியே வருமுன்பே மேல்பலகை திரும்புவது தெரிந்தது. கையால் மேல்பலகையைப் பிடித்துத் திருகினால் 4 பாகை வரை லேசாகப் போகிறது, கயிறு முறுக்கினாற்போல. 52 மி.மீ. தொலைவில் இருக்கும் இறக்கை முனையில் அது 3.6 மி.மீ. நகர்வு. நாங்கள் கம்பியின் தடிமனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். கோளாறு கம்பியில் இல்லை, கம்பிகள் நிற்கும் இடத்தில் இருந்தது. கோபுரத்தின் நடு அச்சிலிருந்து 17 மி.மீ. தூரத்தில் நிற்கும் மூன்று உருட்டுக் கம்பிகளுக்கு முறுக்கைத் தாங்கும் சக்தி கிடையாது. 10 மி.மீ. கம்பி போட்டிருந்தாலும் எடை கூடியிருக்கும், முறுக்கு போயிருக்காது.

மூன்றாவது

வழியின் முதுகெலும்பு 20×20 மி.மீ. டி-ஸ்லாட் அலுமினியம், அதாவது நீளவாக்கில் பிளவு ஓடும் சதுரப் பட்டை. மீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ, அதாவது 8 மி.மீ. எஃகைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் வளைவை எதிர்ப்பதில் பத்து மடங்குக்கு மேல். எஃகு அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விறைப்பான உலோகம் என்பது உண்மை. அந்த அலுமினியத்தைப் பட்டையின் நடு அச்சிலிருந்து தள்ளி ஓரங்களில் பரப்பி வைத்திருப்பதுதான் கணக்கைத் திருப்பிவிடுகிறது. இன்னொரு வசதி, வெப்பத்தை அது உடனே முழு உடலிலும் பரப்பிவிடும். வெயில் பக்கம், நிழல் பக்கம் என்ற பேதம் அதிகம் நிற்காது.

அதன் முகத்தை அப்படியே வழியாக்கப் பார்த்தோம். 6 மி.மீ. பிளவின் இரண்டு விளிம்புகளும் காகிதக் குழலைச் சுரண்டின. இருபது தடவை இறக்கியதில் உடலில் இரட்டைக் கோடு விழுந்தது. பிளவில் பிளாஸ்டிக் மூடுபட்டை செருகலாம், அடியில் தீப்பிழம்பு படும் இடத்தில் அது உருகும். அதனால் பிளவின் வாயில் 8 மி.மீ. கம்பி ஒன்றை உட்காரவைத்து எபாக்சியால் ஒட்டினோம். 6 மி.மீ. வாயில் 8 மி.மீ. வட்டம் உட்கார்ந்தால் அதன் உச்சி முகத்திலிருந்து 6.6 மி.மீ. மேலே நிற்கும், ராக்கெட் தொடுவது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்.

இங்கே ஒரு சறுக்கல். இரண்டாவது கோபுரத்தின் எஃகுக் கம்பிகள் சும்மா கிடக்கின்றனவே என்று அவற்றையே ஒட்டினோம். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 90 செ.மீ. துண்டில் 30 பாகை வெப்பம் ஏறினால் இரண்டின் நீளமும் 0.3 மி.மீ. வேறுபடும். இரண்டாம் நாளே எபாக்சி ‘டிக் டிக்’ என்று விரிசல் விட்டது. கம்பியைக் கழற்றி 8 மி.மீ. அலுமினியக் குழாய் போட்டோம், சத்தம் நின்றது. ஒட்டுமுன் இரு பரப்பையும் 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும். இரு முனைகளிலும் ஒரு எம்3 (3 மி.மீ.) திருகும் உண்டு. எபாக்சியை மட்டும் நம்பவில்லை.

பலகைகள் 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஆறு. உலோகத் தகட்டில் செய்தால் அழகாக இருக்கும், ஆனால் விரல்களோடு கூடிய அந்த உருவத்தை 5 மி.மீ. அலுமினியத்தில் கையால் வெட்டுவது வீண்பாடு. ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிப் பிணைத்து ஒரே தடவையில் துளையிட வேண்டும். தனித்தனியாகக் குறித்துத் துளைத்தால் பலகைக்குப் பலகை அரை மி.மீ. மாறும், கோபுரம் கட்டும்போதே முறுக்கோடு பிறக்கும். வெட்டுவாய்களுக்கு வார்னிஷ் மூன்று பூச்சு. ஈரம் ஏறுவது அங்கேதான்.

முறுக்குக்கு மருந்து: பலகைகளின் வெளி ஓரத்தில் எம்8 மறைக்கம்பி (நீளம் முழுக்கத் திருகுமறை வெட்டிய கம்பி) மூன்று, அடுத்தடுத்த கம்பிகளுக்கிடையே 2 மி.மீ. எஃகு வயரைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, இறுக்கியால் (டர்ன்பக்கிள்) விறைப்பாக்கியது. மறைக்கம்பித் துளைகளை அச்சிலிருந்து 80 மி.மீ. தூரத்தில் போட்டோம். வயர் இழுத்து முடித்து ராக்கெட்டை இறக்கியபோது இறக்கை வயரில் இடித்தது. காகிதத்தில் ஒரு முக்கோணம் வரைந்திருந்தால் தெரிந்திருக்கும்: 120 பாகை இடைவெளியில் நிற்கும் இரு புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்தால், கோட்டின் நடு அச்சிலிருந்து பாதித் தூரத்தில்தான் போகும். 80-க்குப் பாதி 40. இறக்கை முனை 52-இல். துளைகளை 115-க்கு மாற்றினோம், நடு 57.5, இடைவெளி 5 மி.மீ. பழைய பலகைகள் சிறியவை, ஆறையும் 260 மி.மீ. அகலத்தில் மறுபடி வெட்டவேண்டியதாயிற்று. இந்த வேலையில் மிக அதிகமாக வீணான பொருள் அந்த பிளைவுட்தான்.

வயர் இழுத்தபின் மேல்பலகையைத் திருகிப் பார்த்தால் அரைப் பாகைகூட அசையவில்லை. எதிரெதிர் வயர்களைச் சமமாக இறுக்கவேண்டும். விரலால் சுண்டினால் இரண்டும் ஒரே சுதியில் ஒலிக்கவேண்டும், அவ்வளவுதான் அளவு.

தூக்கிச் செல்வதற்காகக் கோபுரம் இரண்டு 90 செ.மீ. துண்டுகள். சேரும் இடத்தில் பலகையோடு பலகை முட்டும். மூன்று எம்8 போல்ட், இடம் மாறாமலிருக்க இரண்டு 6 மி.மீ. ஊசிகள். ஊசி இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் துளையின் ஆட்டம் அப்படியே வழியில் படியாக வந்து நிற்கும். எங்களுக்கு ஒரு வழியில் 0.3 மி.மீ. படி வந்தது. அதில் குழல் சிக்கவில்லை, மூக்கும் உடலும் சேரும் விளிம்புதான் சிக்கியது. மேல்துண்டின் கீழ்முனையை 1 மி.மீ. சரிவாக அரத்தால் ராவி, இரண்டையும் பூட்டிய நிலையிலேயே நீளமான மரக்கட்டையில் சுற்றிய 320 எண் உப்புத்தாளால் மூட்டின் மேலும் கீழும் 5 செ.மீ. இழுத்தோம். விரல் நகத்தால் தடவினால் படி தெரியக்கூடாது. கண்ணால் பார்த்து முடிவுசெய்வது ஏமாற்றும். எந்த முகம் எந்த முகத்தோடு சேரும் என்பதற்கு பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

அலுமினியத்தை ஆக்ஸா பிளேடால் அறுத்தால் முனை செங்கோணமாக வராது. வாங்கும் இடத்திலேயே வட்டரம்பத்தில் 90 செ.மீ. துண்டுகளாக வெட்டச்சொல்வது நல்லது. தேவை 5.4 மீட்டர். வெட்டிய முனைகளின் பிசிறை அரத்தால் எடுத்தபிறகே டி-நட்டு (பிளவுக்குள் நின்று போல்ட்டைப் பிடிக்கும் நட்டு) உள்ளே போகும்.

இடைவெளியை வைப்பது

அளவுகோலால் மூன்று வழிகளையும் வைக்க முயலவேண்டாம். ராக்கெட்டின் அதே குழலில் 30 செ.மீ. துண்டு எடுத்து, சாதாரண எழுதும் காகிதத்தை மூன்று சுற்று சுற்றி ஒட்டுங்கள். காகிதம் ஏறக்குறைய 0.1 மி.மீ., மூன்று சுற்றுக்கு விட்டம் 0.6 கூடும்: 25.4. இதுதான் அளவுக்குழல். அடிப்பலகையில் அளவுக்குழலை நிறுத்தி மூன்று வழிகளும் அதைத் தொடும்படி எம்5 போல்ட்டை இறுக்கவேண்டும். அடுத்த பலகை, அதற்கடுத்தது என்று மேலே போகவேண்டும். மேலும் கீழும் இறுக்கிவிட்டு நடுவுக்கு வந்தால், நடுப்பலகை வழியை வளைத்துப் பிடித்துக்கொள்ளும். விரல்களில் 20 மி.மீ. நீளத் துளைப்பள்ளம் வைத்திருக்கிறோம், 18.7 மி.மீ. உடலிலிருந்து 33.7 வரை இதே கோபுரம் ஏற்கும். ஒவ்வொரு விட்டத்துக்கும் தனி அளவுக்குழல்.

கடைசியில் காகிதத்தை உரித்துவிட்டு வெறும் குழலை மேலிருந்து விடவேண்டும். எங்கே தயங்குகிறதோ அந்தப் பலகையில் ஒரே ஒரு போல்ட்டை லேசாகத் தளர்த்தி மறுபடி இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகும். வழியில் எண்ணெய் வேண்டாம், காகிதக் குழல் உறிஞ்சிக்கொள்ளும். மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் போதும்.

அடிப்பக்கம்

பிழம்பைத் திருப்பும் தகடு 2 மி.மீ. எஃகு, கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்வு. கையில் இருந்த 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டை முதலில் வைத்துப் பார்த்தோம். சில ஏவல்களிலேயே நடுவில் குழி விழுந்தது. அடிப்பலகை மரம் என்பதால் அதன் கீழ்முகத்திலும் மெல்லிய எஃகுத் தகடு அறைந்திருக்கிறது.

உலோகக் கோபுரத்தில் ஒரு புதுத் தொல்லை, மரத்திலும் பிவிசியிலும் இல்லாதது. பற்றவைப்பானின் இரண்டு முதலை கிளிப்புகளும் ஒரே சமயத்தில் வழியையோ தகட்டையோ தொட்டால் மின்சாரம் அந்த வழியாகவே போய்விடும், பற்றவைப்பான் சூடாகாது. வயர், பேட்டரி, சாவி என்று எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் இது பிடிபட்டது. இப்போது கிளிப்புகளின் பற்களைத் தவிர மற்றதெல்லாம் வெப்பத்தில் சுருங்கும் குழலுக்குள் இருக்கிறது, அடிப்பலகைக்கு மேலே 15 செ.மீ. வரை வழிகளின் பக்கமுகங்களில் கண்ணாடியிழை நாடா. கார்பன் இழைக் குழாயில் கோபுரம் கட்ட நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்; அதுவும் மின்சாரம் கடத்தும்.

கால்கள் 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், மூன்று, ஒவ்வொன்றும் 60 செ.மீ., நுனியில் தரையில் அறையும் ஆணி. ஒரு காலின் மூட்டில் கீல். கோபுரத்தைச் சாய்த்து மேலிருந்து ராக்கெட்டை ஏற்றலாம், காற்றுக்கு எதிராக இரண்டு மூன்று பாகை சாய்த்தும் வைக்கலாம். அமெரிக்கத் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி செங்குத்திலிருந்து 30 பாகைக்குமேல் சாய்க்கக்கூடாது என்கிறது, டி மோட்டார்வரை குறைந்தது 4.5 மீட்டர் தள்ளி நிற்கவும் சொல்கிறது. சாய்த்து ஏற்றும்போது வழிகளின் மேல்முனை கண் மட்டத்துக்கு வரும், அந்த நேரத்துக்கு மூன்றுக்கும் ரப்பர் தொப்பி. நிமிர்த்தியதும் தொப்பியை எடுக்க மறக்கக்கூடாது.

கருமருந்துப் புகையின் படிவு ஈரத்தை இழுக்கும். அப்படியே விட்டால் எஃகு துருப்பிடிக்கும், அலுமினியத்தில் வெள்ளைப் புள்ளி விழும். அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, மெழுகு. வயர் இறுக்கிகளுக்கு மட்டும் ஒரு துளி எண்ணெய்.

செலவு என்று பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே டி-ஸ்லாட் பட்டைக்குப் போனது. எதிர்பாராதது டி-நட்டு, வழியைப் பலகையோடு பிணைக்கும் எல் துண்டு, போல்ட், வாஷர் வகையறா: கிட்டத்தட்ட கால் பங்கு. ஆறு பலகை, பலகைக்கு மூன்று மூட்டு, மூட்டுக்கு இரண்டு டி-நட்டு என்றால் 36. வாங்கும்போது 45 வாங்குங்கள், புல்லில் விழுந்தால் கிடைக்காது.

அடுத்த தடவை பலகைகளை ஐந்தாகக் குறைப்போம், மேல்துண்டின் நடுப்பலகை வேலை எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. எம்8 மறைக்கம்பிக்குப் பதில் 12 மி.மீ. அலுமினியக் குழாய்க்குள் எம்6 கம்பி போட்டால் பலகைகளுக்கிடையே நட்டு வைத்து மட்டம் பார்க்கும் வேலை மிச்சமாகும். குழாயை ஒரே நீளத்துக்கு வெட்டினாலே மட்டம் வந்துவிடும். நாலு இறக்கை ராக்கெட்டுக்கு இந்தக் கோபுரம் உதவாது, அதற்கு 90 பாகையில் நான்கு வழி வேண்டும். அதன் பலகைக்கான வார்ப்புரு அட்டையில் வெட்டியாயிற்று. நான்கு பக்கம் என்பதால் வயர் அச்சிலிருந்து பாதித் தூரத்துக்கு வராது, 0.7 மடங்கில் நிற்கும், 52 மி.மீ. இறக்கைக்கு மறைக்கம்பித் துளை 82-இல் இருந்தால் போதும்.